புலிப் பக்கம் எழுத ஆள் தேவை

பேய் இருக்கிற வீட்டை வாடகைக்கு விட்டவன் என்று என்னைப் பற்றிப் பீளமேட்டில் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். நான் விட்டபோது அது நல்ல வீடு. குடிவந்தவன்தான் கூட்டி வந்தான். அதுவும் மரியாதையாக, "வாங்க" என்று சொல்லி.

சசிதர் தொண்ணூற்றேழில் மாடிக்கு வந்தான். பம்பு கம்பெனியில் டிசைன் வேலை. கூட அவன் மனைவி லாஸ்யா. எங்களைப் போலவே வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் கோயமுத்தூர்த் தமிழ். அவள் வயிற்றில் அப்போது ஒரு பிள்ளை இருந்தது. அதற்கு முன் இரண்டு நிற்காமல் போயிருந்தன. படியேறும்போது ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொள்வாள்.

"இதாவது நிக்கோணும் மாமா," என்பாள். வேறு எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

சாமான்களோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. தொலைபேசிக் கம்பியில் மாட்ட ஒரு மோடம். கழுத்தைத் திருகும்போது கோழி கத்துமே, அந்தக் குரலில் கத்திவிட்டுத்தான் அது இணைப்பே கொடுக்கும். ஊருக்குள் செங்கோட்டையன் என்பவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரை ஒரு போன் நம்பரோடு இணைத்துத் திறந்து வைத்திருந்தார். மோடம் உள்ளவர்கள் அந்த நம்பரைக் கூப்பிட்டு அறிவிப்பு எழுதலாம், படிக்கலாம். போர்டு என்று அதற்குப் பெயர்.

சசிதருக்கு ஓர் ஆசை. ஆடு புலி ஆட்டத்தைக் கம்ப்யூட்டருக்கு எழுத வேண்டும். ஆட்டுப் பக்கத்தை எழுதிவிட்டான். புலி யோசிக்கிற விதம் பிடிபடவில்லை. போர்டில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஓர் அறிவிப்பு போட்டான். "ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் சேர்ந்து எழுத, புலிப் பக்கம் எழுத ஆள் தேவை."

மறுநாள் சாயங்காலமே பதில்.

"புலிங்களா? நான் எழுதறனுங்க. ஆறுச்சாமி, பாக்கு மண்டி வீதி, மேட்டுப்பாளையம்."

அதன்பிறகு விளக்கு வைக்கிற நேரத்தில் இருவரும் திரையில் பேசிக்கொள்வார்கள். இவன் ஒரு வரி எழுதினால் கீழே அவன் வரி வந்து விழும். அவன் அனுப்பிய புலி, சும்மா சொல்லக் கூடாது, நல்ல புலி. சோதித்துப் பார்க்க சசிதர் என்னைத்தான் உட்கார வைப்பான். இந்த ஆட்டத்தில் புலி ஓர் ஆட்டைத் தாண்டி அடுத்த காலி இடத்தில் உட்கார்ந்தால், தாண்டப்பட்ட ஆடு பலகையை விட்டு வெளியே. ஆறுச்சாமியின் புலி அவசரப்படாது. ஆட்டின் பக்கத்தில் வந்து நிற்கும். நின்றுகொண்டே இருக்கும்.

பேச்சை முடிக்கும்போது அவன், "வாரேனுங்க," என்று எழுதுவான்.

சசிதர், "வாங்க," என்று எழுதுவான்.

எங்கள் ஊரில் யாரும் போறேன் என்று சொல்லிப் போவதில்லை. வாரேனுங்க என்பார்கள். எதிரில் இருப்பவர் வாங்க என்பார். அதற்காகப் போகிறவர் திரும்பி வந்துவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் வராமல் இருந்தால் நல்லது என்றுதான் அர்த்தம்.

ஒருநாள் அவன் கேட்டான். "புலிக்கு இடம் பத்தலீங்க. உங்க ஊட்ல இடம் இருக்குதுங்களா?"

"டிஸ்க்ல இடம் கேக்கறாருங்க மாமா," என்று சசிதர் சிரித்தான். "தாராளமா இருக்குதுங்க, வாங்க," என்று பதில் எழுதினான்.

அன்றிலிருந்து மாடியில் ஒரு வாடை. ஊறவைத்த பாக்கின் வாடை.

லாஸ்யா ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தாள். போகவில்லை.

"ஏனுங்க மாமா, உங்களுக்கு அடிக்குதா?"

"மழைக்காலம், அம்மணி. சுவர் ஊறியிருக்கும்," என்றேன். வீட்டுக்காரன் வேறு என்ன சொல்வான்?

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சசிதர் என்னையும் கூட்டிக்கொண்டு செங்கோட்டையன் வீட்டுக்குப் போனான். ஆட்டம் முடியப் போகிறது, போர்டில் வைக்க வேண்டும் என்று சொல்ல. செங்கோட்டையன் காப்பி கொடுத்தார். கூட்டாளி கிடைத்த கதையைக் கேட்டார். கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"தினமும் ரெண்டு பேரும் பேசறீங்களா? ஒரே நேரத்துலயா?"

"ஆமாங்க."

"என் போர்டுக்கு ஒரே லைனுங்க, தம்பி. நீங்க உள்ள இருந்தா வேற ஒருத்தர் நுழைய முடியாது."

சசிதர் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"அப்ப நான் யாருகூடப் பேசறனுங்க?"

அவர் இன்னொரு காப்பி வேண்டுமா என்று கேட்டார்.

நேரே மேட்டுப்பாளையம் பஸ் ஏறினோம். பாக்கு மண்டி வீதியில் இறங்கும்போதே அந்த வாடை. எங்கள் மாடி வாடை. ஆறுச்சாமி வீடு என்றதும் ஒரு கடைக்காரர் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

கதவைத் திறந்தவர் பாவாத்தாள், அவன் தாய்.

"ஆறுச்சாமி இருக்காருங்களா?"

"போன மழைக்கு முந்தின மழையில செத்துப்போனானுங்க," என்றார், சாதாரணமாக. "இதே மாதிரி போன் கம்பியில பொட்டியை மாட்டி யாருகிட்டயோ பேசிட்டு இருந்தான். வாரேன்னு எழுதியிருக்கறான். அந்தப் பக்கத்து ஆளு வாங்கன்னு சொல்லறதுக்குள்ள இடி. கம்பி வழியா வந்துபோட்டுதுங்க. சேர்ல உக்காந்தவன் உக்காந்த மேனிக்கே."

உள்ளே தொலைபேசி அடித்தது.

பாவாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

"எடுக்கலீங்களா?" என்றேன்.

"அவன்தானுங்க. தினமும் கூப்புடறான். எடுத்தா, வாரேம்மாங்கறான். பெத்தவ வராதேன்னு எப்படிங்க சொல்லறது? வான்னும் சொல்லப் பயமா இருக்குது. அதான் எடுக்கறதில்லை." பிறகு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க யாராச்சும் அவனை வாங்கன்னு சொல்லிப்போட்டீங்களா?"

சசிதர் படியில் உட்கார்ந்துவிட்டான்.

என் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியெல்லாம் மழை. வீட்டுக்கு வந்ததும் அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினான், பின்னாலேயே நான். மோடத்தின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தான். லாஸ்யா பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை.

திரை விழித்துக்கொண்டது.

"வாரேனுங்க."

"வராதேன்னு எழுதுடா!" என்று கத்தினேன்.

சசிதர் எழுதினான். பாருங்கள், அந்த நேரத்திலும் எங்கள் ஊர் மரியாதை விடவில்லை. "வராதீங்க" என்றே எழுதினான்.

பதில் மெதுவாக, எழுத்து எழுத்தாக வந்தது.

"நீங்கதானுங்க கூப்புட்டீங்க."

திரையில் ஆட்டப் பலகை தானாக வந்து நின்றது. நடுவில் ஓர் ஆடு. ஒரே ஓர் ஆடு. பக்கத்தில் புலி.

புலி தாண்டியது.

"மாமா!" என்று லாஸ்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

திரை அணைந்தது. பாக்கு வாடையும் அந்த நொடியே நின்றது. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

அன்றே ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஆண். முழுதாக, நல்ல எடையோடு. டாக்டர் தட்டிப் பார்த்தும் அழவில்லை. கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தான் என்று நர்ஸ் சொன்னாள். உச்சந்தலையில் முகர்ந்த சசிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும் முகர்ந்தேன். வாடை எங்கே போனது என்று தெரிந்தது.

சில நாள் கழித்து எனக்கு ஒரு போன். பாவாத்தாள்.

"இங்க போன் அடிக்கறது நின்னுபோச்சுங்க. அவன் அங்க வந்துட்டானுங்களா?"

எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அப்போது ஒன்றும் வாயில் வரவில்லை.

"வந்துட்டாருங்க."

"சாப்புடறானுங்களா?"

"பால் குடிக்கறாருங்க," என்றேன்.

அங்கே போனை வைத்துவிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால், வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தது, பழைய ஆளாக இருந்தால் என்ன என்று நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் தாண்டப்பட்ட ஆடு எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த வாரமே மாடியில் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில். தினமும்.

முதல்நாள் சசிதர் எடுத்தான். பேச்சில்லை. தூரத்தில் ஒரு பச்சைப்பிள்ளை அழுகிறது, அவ்வளவுதான். தொட்டிலில் இருக்கிறவன் கண் கொட்டாமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு சசிதர் அதை எடுக்கவும் இல்லை, லாஸ்யாவை எடுக்க விடவும் இல்லை. இணைப்பையே வெட்டினான். அப்போதும் அடித்தது. அவள் அதன் பக்கத்தில் போய் நிற்பாள். அடித்து ஓயும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள்.

ஒரு சாயங்காலம் அவன் கம்பெனியிலிருந்து வரத் தாமதமானது. நான் கீழே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். மாடியில் வழக்கம்போல் மணி அடித்தது.

பாதியில் நின்றது.

நான் ரேடியோவை அணைத்தேன்.

லாஸ்யாவின் குரல். கெஞ்சுகிற மாதிரி, கொஞ்சுகிற மாதிரி. தெலுங்கில்.

"ரா நாயனா. இண்டிக்கி ரா."

வா கண்ணு, வீட்டுக்கு வா என்று அர்த்தம்.

பிறந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அழாத பிள்ளை, தொட்டிலில் வீறிட்டது.

பயந்து அழுகிற அழுகை. எனக்கு அது தெரியும்.

பிறகு, மாடிப்படியில், ஈரக் காலோடு மிகச் சின்னதாக ஏதோ ஒன்று ஒவ்வொரு படியாகத் தவழ்ந்து ஏறுகிற சத்தம்.