ஏறியவர், இறங்கியவர்

எழுபத்துநாலாம் வருஷம் சித்திரை வெயிலில், ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, ஒரு கட்டுப் படிவம், இவற்றோடு அடையாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பேயைப் பார்க்கப் போகிறவன் எடுத்துப் போகும் சாமான்கள் அல்ல இவை. நான் போனது மனிதர்களை எண்ண.

என் பெயர் கோதண்டபாணி. சாலை அலுவலகத்தில் ஓவர்சியர். பெயரில்தான் வில்லும் அம்பும். கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ஜாதி நான்.

நெடுஞ்சாலைக்குத் தெற்கே ஆற்றங்கரைக் குப்பம். வடக்கே கார்ப்பரேஷன் குழாய். இடையில் நாளெல்லாம் லாரிகள். குப்பத்துப் பெண்கள் குடத்தோடு கடப்பதற்கு, யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஓர் இரும்பு நடைபாலம். படிகள் இரும்புத் தகடு, மேலே நடக்க மரப்பலகை. அதைப் பிரித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்ட வேண்டும் என்று ஃபைல் கிளம்பியிருந்தது. எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று நான்கு நாள் எண்ணித் தர வேண்டியது என் வேலை.

இந்தப் பாலத்துக்கு நான் புதியவன் அல்ல. மூன்று வருஷத்துக்கு முன் இதைச் சோதனை செய்ய வந்திருக்கிறேன். வந்தேன் என்றால், பாலத்தின் அடிவரை.

புறப்படும்போதே எங்கள் உதவிப் பொறியாளர் சுயம்புலிங்கம் சொல்லியிருந்தார். நாங்குநேரிக்காரர். "கோதண்டம், ரெண்டு பக்கக் கணக்கும் ஒத்து வரணும், பாத்துக்கிடும். வரலைன்னா மேல இருக்கவன் ஃபைலைத் திருப்பி எறிஞ்சிருவான். ஆடி மாசம் பழசைப் பிரிக்க ஆர்டர் ஆயிட்டுவே. புதுசு சாங்ஷன் ஆகலைன்னா அந்தச் சனம் குடத்தோட லாரிக்கு நடுவுலதான் ஓடணும்."

குழாய்ப் பக்கம் ஏறுகிறவர்களை எண்ண பஞ்சாட்சரத்தை உட்கார வைத்தேன். அலுவலகத்தில் டீ வாங்கிவரப் போனால் அந்த டீயைப் பயிரிட்டுக் கொண்டுவருகிறவன். குப்பத்துப் பக்கம் இறங்குகிறவர்களை எண்ண நானே உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு கோடு. நாலு கோடு நிமிர்ந்து நின்றால் ஐந்தாவது குறுக்கே.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை கூழ் விற்றுக்கொண்டிருந்தாள். பெயர் தேவானை. வயது நாற்பது இருக்கும். கை கூழை ஊற்ற, கண் என் முகத்தைத் துழாவியது.

"இந்தா நைனா, மோர் ஊத்துன கூழு. குடிச்சுட்டு எண்ணு. வெறும் வயித்துல எண்ணுனா ஒண்ணு ரெண்டாத் தெரியும்." பிறகு, "உன்ன எங்கியோ பாத்தா மாரி கீது."

"என்னை மாதிரி மூஞ்சி மெட்ராஸ்ல ஆயிரம் இருக்கும்மா."

"அது சரி" என்றாள். சிரிக்கவில்லை.

சாயங்காலம் கணக்கைச் சேர்த்தோம். ஏறியவர் நானூற்றுப் பன்னிரண்டு. இறங்கியவர் நானூற்றுப் பதினொன்று.

மறுநாள், ஏறியவர் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. இறங்கியவர் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.

ஒரு நாள் பிசகினால் அது கணக்கு. இரண்டு நாளும் அதே ஒன்று பிசகினால் அது பஞ்சாட்சரம். நான் அப்படித்தான் நினைத்தேன்.

"இன்னா சார், நான் டீக்கடையில குந்திக்கினு குத்துமதிப்பாக் கோடு போட்டேன்றியா?" அவன் கண் கலங்கிவிட்டது. "எம் புள்ள மேல சத்தியம் சார். ஒண்ணொண்ணாப் பாத்துத்தான் போட்டேன். வேணும்னா நாளைக்கு நீ இங்க குந்து. நான் அங்க போறேன்."

அவன் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். இரண்டு நாளும் பன்னிரண்டேகால் மணிக் கட்டத்தில் ஒரே ஒரு கோடு. அதன் மேல் தண்ணீர் சொட்டி மை கலங்கியிருந்தது.

"தண்ணி குடிச்சுக்கிட்டே எழுதினியா?"

"தண்ணியா? கொயாய்ல சொட்டு தண்ணி வரல சார் ரெண்டு நாளா, பத்து மணிக்கு மேல."

மூன்றாம் நாள் இடம் மாறினோம்.

உச்சி வேளை. பேய்க்கதை எழுதுகிறவர்கள் எல்லாம் நடுநிசியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். மெட்ராஸில் பயப்பட உகந்த நேரம் பகல் பன்னிரண்டேகால். தார் உருகுகிறது. காக்கை கத்துவதில்லை. நம் நிழல்கூட நமக்குத் துணை வராமல் காலடியில் சுருண்டுகொள்கிறது. குழாயடியில் வரிசையாகக் காலிக் குடங்கள் மட்டும் இருந்தன. ஆட்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள். படிக்கட்டில் யாரும் இல்லை.

ஈரப் புடவை வாசனை வந்தது.

தளும்பத் தளும்ப நிறைந்த குடம் இடுப்பில் ஆடினால் ஒரு சத்தம் கேட்குமே, அது என்னைத் தாண்டிப் போனது.

முதல் படியில் சொட்டாக ஈரம் விழுந்தது.

இரண்டாவது படியில்.

மூன்றாவதில்.

மேலே மேலே ஈரம் ஏற ஏற, கொதிக்கும் இரும்பில் கீழ்ப்படிகள் காய்ந்துகொண்டே வந்தன. பிறகு தலைக்கு மேலே பலகையில் நடை. டக், டக். பயத்தில் பிறர் கந்த சஷ்டி சொல்வார்கள். நான் எண்ணினேன். தொழில் புத்தி.

பதினைந்து. பதினாறு. பதினேழு.

அதற்கு மேல் சத்தம் இல்லை.

சாலையில் லாரி எதுவும் இல்லை. ஆனால் பிரேக் போட்டு ரப்பர் தேய்ந்த நாற்றம் அடித்தது.

குனிந்து பார்த்தேன். பன்னிரண்டேகால் கட்டத்தில் ஒரு கோடு. என் கையெழுத்தில், என் பேனாவில். நான் போட்டதாக நினைவில்லை. அதன் மேல் ஒரு சொட்டு நீர் உருண்டு நின்றது.

வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பாலத்தில் ஏறினேன். பலகைகளை எண்ணிக்கொண்டே போனேன். எல்லாம் கறுத்துப் போன பழம்பலகைகள். பதினேழாவது மட்டும் புதுசு. வேறு மரம், வேறு ஆணி.

மறுபக்கம் இறங்கியபோது தேவானை என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே கூழ் ஊற்றினாள்.

"எண்ணிக்கை உதைக்கிதா நைனா?"

தலையாட்டினேன்.

"எந் தங்கச்சி, புஷ்பம். மூணு வருசம் ஆச்சு. பன்னெண்டு மணித் தண்ணி புடிச்சுக்கினு வந்தா. பலகை உளுத்துக் கெடந்துச்சு. உள்ள போயிட்டா. கீய லாரி." அகப்பையால் பானையின் விளிம்பைத் தட்டினாள். "அப்பால வந்து எழுதிக்கினு போனாங்கோ. பாலம் நல்லாத்தான் கீதாம், காயிதம் கீதாம். அவ ரோட்டுல குறுக்கால ஓடிச் செத்தாளாம். பலகையை மட்டும் ராவோட ராவா மாத்திட்டாங்கோ."

"என்ன காயிதம்?"

"அவ சாவறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு ஓவர்சியரு வந்தான், மீசக்காரன். மேல ஏறல. இதே எடத்துல குந்தி ரெண்டு சொம்பு கூழ் குடிச்சான். சின்ன வெங்காயம் கேட்டு வாங்கிக் கடிச்சான். எழுதிக்கினு பூட்டான்."

சொம்பு என் கையில் இருந்தது. மேலுதட்டில் ஒட்டியிருந்த கூழைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் எனக்கு மீசை உண்டு.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். சோதனைப் படிவத்தில் போன வருஷம் என்ன எழுதியிருக்கிறதோ அதன் கீழே 'மேற்படி' என்று போட்டுவிடுவோம். தூண்கள், நல்ல நிலை: மேற்படி. கைப்பிடி: மேற்படி. பலகைகள்: மேற்படி. வெயில் நேரம், பாலம் உயரம், கூழ் குளிர்ச்சி. போன வருஷம் எழுதியவனும் அப்படித்தான் எழுதியிருப்பான். நான் மட்டும் என்ன ஒசத்தி என்று அன்று தோன்றியது. பஞ்சாட்சரத்தை நான் எதற்காகச் சந்தேகப்பட்டேனோ, அதை அப்படியே செய்தவன் நான். அவனாவது டீ குடித்திருப்பான் என்று நினைத்தேன். நான் செத்தவளின் அக்கா கையால் கூழே குடித்திருக்கிறேன்.

தேவானை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லையா? இன்றுவரை சந்தேகம்தான்.

"அந்த ஆளு யாருன்னு ஒனக்குத் தெரிஞ்சா சொல்லு நைனா. அடிக்க மாட்டேன். ஏசக்கூட மாட்டேன். ஒரு தபா அவன மேல ஏறிப் பாருன்னு சொல்லுவேன். அவ்ளோதான்."

"விசாரிக்கிறேன்" என்றேன். சர்க்கார் வாயிலிருந்து அதைத் தவிர வேறு என்ன வரும்?

நான்காம் நாளும் அதே ஒன்று. கணக்கு ஒத்துப்போக வழி ஒன்றுதான். நான்கு நாள் படிவத்திலும் அந்தக் கோட்டை பிளேடால் சுரண்டி எடுத்தேன். எங்களுக்குக் கைவந்த கலை அது. சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்துவிட்டால் தடம் தெரியாது. பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

காலையில் திறந்தால் நான்கு கோடுகளும் இருந்தன. பீரோவின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது.

சாயங்காலத்துக்குள் படிவம் போக வேண்டும். வித்தியாசத்துக்குக் காரணம் எழுத, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி உண்டு. பேனாவை எடுத்தேன். மூன்று வருஷத்துக்கு முன் நான் எழுதியது பொய் என்று எழுதியிருக்கலாம். எழுதினால் வேலை போகும். புஷ்பத்தின் பெயர் சுத்தமாகும். நான் நல்லவன்தான், ஆனால் மாதச் சம்பளத்துக்கு உட்பட்ட நல்லவன். பாதி உண்மை எழுதினேன்: 'ஒருவர் இன்னும் இறங்கவில்லை.'

சுயம்புலிங்கம் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "காரணம் எழுதிட்டீரா?"

"எழுதிட்டேன் சார்."

"அப்பச் சரி." கையெழுத்துப் போட்டார். அவருக்கு மேலே இருந்தவர்களும் போட்டார்கள். யாரும் எதையும் படிக்காததால் ஒருத்தி செத்தாள். அதே காரணத்தால் ஒரு பாலம் வந்தது.

வரைபடம் என் பொறுப்பு. பலகையே கூடாது, முழுக்க கான்கிரீட் என்று முடிவு செய்தேன். குடம் சுமப்பவர்களுக்கு மூச்சு வாங்காமல் இருக்க ஆறங்குலப் படி, ஏழடி அகலம். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பினால், வரைபடம் போட்டிருந்த துணியின் நடுவில், பாலத்தின் மத்தியில், வட்டமாக ஈரம். பஞ்சாட்சரம் டீ கிளாஸை வைத்திருப்பான் என்று பழக்க தோஷத்தில் திட்டப் போனேன். அளந்து பார்த்தேன். ஏழங்குலம். அந்த அளவுக்கு கிளாஸ் கிடையாது.

குடத்தின் அடி.

அந்த இடத்தில் குடத்தை இறக்கி வைத்து ஆற, இடுப்புயரத்தில் ஒரு மேடை வரைந்தேன்.

"இது என்னவே, பாலத்துல சுமைதாங்கி?" என்றார் சுயம்புலிங்கம்.

"கனம் சார்."

அவர் பேனாவை அந்த மேடையின் மேல் கொண்டுவந்தார். அடிக்கவில்லை, விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் தை மாதம் பாலம் திறந்தது. ஆர்டர் இல்லாமலே நானும் பஞ்சாட்சரமும் நாற்காலி போட்டு எண்ணினோம். ஏறியவர் முந்நூற்று எண்பத்தெட்டு. இறங்கியவர் முந்நூற்று எண்பத்தொன்பது.

ஒன்று அதிகம்.

தேவானை எண்ணிக்கையைக் கேட்கவில்லை. பன்னிரண்டேகாலுக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைசிப் படியில் விழுந்த ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இத்தினி நேரமாடி" என்றாள், யாரிடமோ.

அந்த ஈரம் குப்பத்துப் பக்கம் திரும்பும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. என் நாற்காலிவரை வந்து நின்றது.

தேவானை ஈரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் குடையை மடக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மயிலாப்பூரில் நாங்கள் இருப்பது மாடிப் போர்ஷன். மரப்படி. ஒரு வாரம் கழித்து என் மனைவி ஜானகி சொன்னாள். "என்னங்க, தினம் மத்தியானம் யாரோ படியெல்லாம் தண்ணி சொட்டிக்கிட்டு மாடி ஏறி வர்றாங்க. கதவைத் திறந்தா ஆளைக் காணோம். கீழ்ப் போர்ஷன்காரிதான் வேணும்னு பண்றான்னு நினைக்கிறேன்."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டே காலுக்கு. ஏன் உங்க மூஞ்சி இப்படிப் போகுது?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு மேல்படியில் உட்கார்ந்தேன். மடியில் படிவம். படிகளை அதற்கு முன் நான் எண்ணியதே இல்லை. அன்று எண்ணினேன்.

பதினேழு.

ஒவ்வொரு படியாக முனகியது. ஈரப் புடவை வாசனை என் முழங்காலருகே வந்து நின்றது. பதினேழாவது படியில், காலை ஊன்றலாமா என்று சோதிப்பது போல மெதுவாக ஒரு அழுத்தம். பிறகு எனக்குப் பின்னால், வீட்டுக்குள், குடத்தை இறக்கி வைக்கும் சத்தம்.

அவள் ஒழுங்காகச் சோதனை செய்கிறாள். மேலே ஏறி.

தேவானையிடம் போய் அந்த மீசைக்காரன் நான்தான் என்று சொல்லிவிடலாம். பஸ்ஸில் அரை மணி நேரம். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருபத்துமூன்று நாள் ஆகிவிட்டது. படிவத்தில் ஏறியவர் பத்தியில் இருபத்துமூன்று கோடுகள். எல்லாம் என் கையெழுத்து.

இறங்கியவர் பத்தியில் இன்னும் ஒரு கோடுகூட விழவில்லை.