மதீனா அட்டையை வெட்டியது யார்?

ஜெர்மனியின் ஹம் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்று அதிர்ந்துபோன வியாழக்கிழமை அது. கூரையே ஒரு முழம் எழும்பித் திரும்ப வந்து உட்கார்ந்தது என்றால் பாருங்களேன்!

ஆறாம் வகுப்பில் மிதுசா, எலிஃப், ஷிரா மூவரும் இணைபிரியாத தோழிகள். எலிஃப் முஸ்லிம். ஷிரா யூதப் பிள்ளை. மிதுசா யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டுப் பிள்ளை. வரலாற்றுப் பாடத்துக்காக மூவரும் மேசை அகல அட்டையில் மதீனா நகரை வரைந்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே முஸ்லிம்களும் யூதக் குலங்களும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள்: அவரவர் மதம் அவரவருக்கு, எதிரி வந்தால் சேர்ந்தே ஊரைக் காப்போம்.

"எவ்வளவு நல்ல ஒப்பந்தம்!" என்றாள் எலிஃப், பேரீச்ச மரத்துக்குப் பச்சை தீட்டியபடி.

ஷிரா புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். முகம் வெளுத்தது. சில ஆண்டுகளிலேயே ஒப்பந்தம் முறிந்திருந்தது. இரண்டு யூதக் குலங்களை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். மூன்றாவது குலத்தின் ஆண்களைக் கொன்றார்கள்.

"எலிஃப், இதைப் பார்!"

எலிஃப் படித்தாள். "அந்தக் குலத்தவர்தான் வாக்கை மீறினார்கள் என்றும் இருக்கிறதே!"

"அதை எழுதியது யார்? அந்தக் குலத்தவர் எழுதியது எங்கே?"

கறக்! ஷிராவின் கத்தரிக்கோல் அட்டையை நடுவே வெட்டிவிட்டது. மிதுசாவின் வாய் ஒரு பேருந்து நுழையும் அளவுக்குப் பிளந்தது. வகுப்பின் முன் பேச இன்னும் பத்தே நிமிடம்! தோழிகளோ முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.

மிதுசாவின் அப்பா பாலச்சந்திரன் மொழிபெயர்ப்பாளர். "பிள்ளை, மொழிபெயர்க்கேக்க 'அவர் சொல்லுறார்' எண்டு சொல்லக்கூடாது. 'நான்' எண்டுதான் சொல்லோணும். எங்கட சொல் ஒண்டும் சேர்க்கக்கூடாது" என்பார்.

மிதுசா நடுவில் நாற்காலியைப் போட்டாள். "பேசுங்கள். நான் மொழிபெயர்க்கிறேன்."

"எந்த மொழியிலிருந்து?" என்று சீறினாள் ஷிரா.

"ஜெர்மனிலிருந்து ஜெர்மனுக்கு!"

ஷிரா முணுமுணுத்தாள். மிதுசா எலிஃப்பிடம் திரும்பினாள்: "செத்தவர்களை என்னால் மறக்க முடியவில்லை. உனக்கு அது சின்ன விஷயமா?"

எலிஃப் கிசுகிசுத்தாள். மிதுசா ஷிராவிடம் சொன்னாள்: "எனக்கும் இன்றுதான் தெரியும். படித்ததும் பயந்துவிட்டேன். இனி என்னைக் கெட்டவளாகப் பார்ப்பாயோ என்று."

இருவரும் திடுக்கிட்டு ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பினார்கள்.

புதிய தாளில் இரண்டு துண்டுகளையும் ஒட்டினார்கள், நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு. அதில், 'அந்தக் குலத்தவர் எழுதியது எங்கே?' என்று எலிஃப் எழுதினாள். 'வாக்கு மீறப்பட்டதா?' என்று ஷிரா எழுதினாள்.

ஆசிரியை அட்டையைப் பார்த்து அதிர்ந்தார். "யார் இதை வெட்டியது?"

ஷிரா தலை குனிந்தாள்.

"நாங்கள்" என்றாள் எலிஃப்.

கத்தரிக்கோலைத் தொட்டே பார்க்காத மிதுசாவும் நிமிர்ந்து நின்றாள். "ஓம், நாங்கள்தான்!"