முதுகுப்பக்கம் கூப்பிட்ட பெட்டை

விடியலுக்கு முன் ஆந்தை அலறினால், கிளையில் உறங்கும் வான்கோழிச் சேவலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். இருந்த இடத்திலிருந்தே பதிலுக்குக் கத்தி, தான் எந்த மரத்தில் இருக்கிறோம் என்று துப்பாக்கிக்காரனுக்குக் காட்டிக் கொடுத்துவிடும். அன்றைக்கும் டாய்ல் உள்ளங்கைகளைக் குவித்து ஆந்தையாக அலறினான். பதிலும் வந்தது. ஆனால் மரத்தின் மேலிருந்து வரவில்லை, தரையிலிருந்து வந்தது.

வெர்லினுக்கு அது பிடிக்கவில்லை. மிசூரி மலைக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் அவன். இருட்டு விலகாத நேரத்தில் தரையில் நின்று கத்துகிற சேவலை அவன் கேட்டதே இல்லை. அப்படி நின்றால் நரி விட்டுவைக்காது.

"மச்சான், கீழ இருந்துல்ல கத்துது?"

"சீக்கிரமே இறங்கிருச்சு போல. ஆசை வந்தா நேரங்காலம் பாக்குமா? எங்க ரமோனா பின்னாடி அலைஞ்சப்ப நீ பாத்தியா மாப்ள?"

வெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரமோனா அவன் மனைவி, டாய்லின் கூடப்பிறந்தவள். டாய்ல் மச்சானாவதற்கு ரொம்ப முன்னாலேயே நண்பன். போன இலையுதிர்காலத்தில் மரம் அறுக்கும்போது ரம்பம் துள்ளி டாய்லின் தொடையைப் பிளந்துவிட்டது. பிழைத்ததே பெரிய காரியம். அதற்குப் பிறகு அவன் காட்டுக்குள் கால் வைப்பது இன்றுதான். கிளம்பும்போது ரமோனா வாசல்வரை வந்து, "அவனால ஓட முடியாதுங்க. கூட்டிட்டுப் போற மாதிரியே கொண்டாந்து விட்ருங்க" என்றாள். வெர்லினும் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தான்.

எப்போதும்போலவே பிரிந்து உட்கார்ந்தார்கள். தோளைவிட அகலமான ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்கால்மேல் துப்பாக்கியை ஊன்றி, பறவை கண்ணில் படாதபடி முகத்தில் மறைப்பு வலையை இழுத்துவிட்டுக்கொண்டு வெர்லின் முன்னால் இருந்தான். டாய்ல் நொண்டிக்கொண்டே பின்னால் சரிவில் இறங்கி மறைந்தான். அவனிடம் சீடர் மரப்பெட்டி இருந்தது. அதன் மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டைக்கோழி கூப்பிடுவது அச்சு அசலாகக் கேட்கும். பெட்டையைத் தேடி வரும் சேவல் வெர்லினைக் கடந்துதான் போக வேண்டும். அதுவரை அவன் கல்லாகக் கிடக்க வேண்டும். உண்ணி ஏறினாலும் அசையக் கூடாது. திரும்பிப் பார்ப்பது ஆகவே ஆகாது, ஏனென்றால் அந்தப் பறவை இமை அசைவதைக்கூடப் பிடித்துவிடும்.

கியோக், கியோக், கியோக் என்று பெட்டி கூப்பிட்டது. ராத்திரி மழையில் ஊறிய இலைகளின் வாடையும், காட்டுப்பூண்டின் காரமும், அவற்றுக்கு அடியில் எங்கோ ஏதோ செத்து நாள்பட்ட இனிப்பான நாற்றமும் சரிவிலிருந்து மெல்ல ஏறி வந்து வலைக்குள் நுழைந்து மூக்கில் தங்கின. ஓடையில் கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒவ்வொன்றாக அடங்கின. வெள்ளைப் பூக்கள் மட்டும் இருட்டில் மங்கலாகத் தெரிந்தன.

அப்போது பின்னால் இலைகள் சரசரத்தன. டாய்ல் தரையைக் கிளறுகிறான், பெட்டை மேய்வதுபோலக் காட்டுவதற்கு. அடுத்து தொப், தொப், தொப் என்று வேகமான அடிகள் கேட்டன. பெட்டை மரத்தைவிட்டு இறங்கும்போது சிறகடிக்குமே, அதற்காகத் தொப்பியைத் தொடையில் அடிக்கிறான். கடைசியில் காற்றுப் போன பம்புபோல ஒரு நீண்ட சீறல். 'பயல் இன்னும் மறக்கலை, கைகாரன்' என்று வெர்லின் மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

பிறகு பெட்டை மறுபடி கூப்பிட்டது. கியோக்.

அதில் மரம் மரத்தில் உரசுகிற வறட்சி இல்லை. ஈரமாக இருந்தது. தொண்டையிலிருந்து வந்த சத்தம். அதோடு, அது சரிவிலிருந்து வரவில்லை. மேலே ஏறியிருந்தது. சேவல் பக்கத்தில் இருக்கும்போது கூப்பிடுகிறவன் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே மாட்டான். அதுவும் நொண்டிக் காலோடு, ஒரு இலைகூட நொறுங்காமல் ஏறி வர டாய்லால் முடியுமா?

வெர்லினின் விரல் துப்பாக்கி விசையில் ஏறியது. திரும்பிவிடலாமா என்று நினைத்தான். கழுத்து கேட்கவில்லை.

கியோக். மரத்துக்கு அந்தப் பக்கம். நாற்றம் தலைக்குமேல் வந்து நின்றது. ஓக் மரத்தின் பட்டையை ஏதோ மெதுவாகத் தடவியது. அந்த அதிர்வு அவன் முதுகெலும்பில் இறங்கியது.

அப்போதுதான் முன்னால் புதருக்கடியில் சிவப்பு தெரிந்தது. சிவப்பும் வெள்ளையும். வசந்தகாலச் சேவலின் தலை. தாழ்ந்து, நின்று, வெட்டி வெட்டி நகர்ந்து, நேராக அவனைப் பார்த்து வந்தது.

சேவலுக்கு நெஞ்சில் தொங்கும் தாடிமயிரைக் கண்ணால் பார்க்காமல் சுடக் கூடாது. அவனுக்குத் தெரியும். ஊரில் எத்தனை பேருக்கு அவனே சொல்லிக் கொடுத்திருக்கிறான்!

காதோரம் மூச்சு பட்டது.

கியோக்.

சுட்டான்.

தலை பின்னால் எகிறி விழுந்தது. வெர்லின் எழுந்து ஓடினான். சேவலை நோக்கி ஓடினானா, மரத்தைவிட்டு ஓடினானா, அவனுக்கே தெரியாது. விழுந்த பறவை எழுந்து கால்முள்ளால் கிழிக்கும் முன் கழுத்தை மிதித்து அமுக்க வேண்டும். வருஷக்கணக்கான பழக்கம். கால் தானாகவே போனது. முழு எடையையும் போட்டு மிதித்தான்.

பூட்ஸுக்கடியில் இறகு இல்லை.

குரல்வளை இருந்தது. அது நொறுங்கியது காலில் தெரிந்தது.

டாய்ல். சட்டையின் தோள்பக்கம் சல்லடையாகியிருந்தது. அது வெர்லின் சுட்டது. கழுத்தின் பக்கவாட்டைப் பிய்த்திருந்தது வேறு எதுவோ. அதனால்தான் பாவம் ஒரு குரல்கூடக் கொடுக்க முடியாமல், சரிவைச் சுற்றிக்கொண்டு, நண்பனை எச்சரிக்க வயிற்றாலேயே ஊர்ந்து வந்திருக்கிறான். நெற்றிக்குமேல் தோல் இல்லை. முடி இல்லை. ரத்தத்துக்கு நடுவே வெள்ளையாக எலும்பு.

"ஐயோ மச்சான்... ஐயோ, நான்தான்டா..."

டாய்லின் விரல்கள் பூட்ஸைப் பிடித்தன. கண்ணில் இன்னும் உயிர் இருந்தது. அது வெர்லினைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

"விழுந்துருச்சா மாப்ள?"

டாய்லின் குரல். அதே கேலி. ஓக் மரத்தடியிலிருந்து.

வெர்லின் திரும்பினான்.

அவன் உட்கார்ந்திருந்த இடத்திலேயே அது உட்கார்ந்திருந்தது. அவனைப்போலவே மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்கால்களை மடக்கி, கல்லாக. தலையில் டாய்லின் தொப்பி. தொப்பிக்கடியில், இரண்டு பக்கமும் வழிந்து, டாய்லின் செம்பட்டை முடி. முடிக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாய் மட்டும் அகலமாகத் திறந்து, மிக மென்மையாக, ஆசையாக, அவனைக் கூப்பிட்டது.