பெயரில்லாதவரின் மெழுகுவர்த்தி

புது விளக்கு போட்ட அன்று மாலையே ஒதிலியாவின் காய் நறுக்கும் பலகையில் ஒரு நிழல் விழுந்தது. விழ வழியே இல்லாத நிழல்.

காலையில்தான் பக்கத்து வீட்டு எலியேசர் வந்திருந்தான். மின்வேலை செய்பவன். அடுப்படிக் கூரையின் நடுவில் தொங்கிய பல்பைக் காட்டிச் சிரித்தான்.

"இது உங்க முதுகுக்குப் பின்னாடி எரியுது ஒதிலியாம்மா. இத்தனை வருசமும் உங்க நிழலையே நறுக்கி சூப் வச்சிருக்கீங்க. விரல் மிஞ்சினதே பெருசு."

"பேசாம வேலையைப் பாருடா." அவள் கட்டுப் போட்ட விரலை மறைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவை வெட்டிக்கிட்டா என் மக யமிலே வந்து என்னைத் தூக்கிட்டுப் போயிடுவா. பாரங்கியா பட்டணத்துல அவ இருக்கிற மாடில, ஜன்னலைத் தொறந்தா வானம் மட்டும்தான் தெரியும். எனக்கு இந்த அடுப்படி போதும்."

அலமாரித் தட்டின் அடியில் நீளமான வெள்ளை விளக்கை மாட்டி, பழைய பல்பை அணைத்தான். "இப்ப வெளிச்சம் முன்னாலேர்ந்து வருது. உங்க நிழல் இனி பின்னாடிதான் விழும். கரண்ட் போனா எடுக்க, கைக்கு எட்டுற மாதிரி ஒரு மெழுகுவர்த்தி மட்டும் வச்சுக்கங்க."

அன்று புனித வாரத்துப் புதன்கிழமை. மொம்போஸ் ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும். இறந்தவர்களுக்காக வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். ஒதிலியா வருடந்தோறும் இரண்டு கொண்டுபோவாள். ஒன்று கணவர் நிக்கானோருக்கு. மற்றது, பக்கத்தில் பெயரும் இல்லாமல், வருவோரும் இல்லாமல் கிடக்கும் கல்லறைக்கு. இந்த வருடம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எலியேசரிடம் ஒன்றை மட்டும் கொடுத்தனுப்பினாள். மற்றதை அடுப்படி இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். கேட்க ஆளில்லாதவர்தானே என்று தோன்றியது.

இப்போது தெரு காலியாக இருந்தது. ஆற்றின் ஈர வாடை ஜன்னல் கம்பிகளைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தது. தூரத்தில் கொம்பு வாத்தியம் மெல்ல இழுத்து இழுத்து அழுதது. பானையில் பாலாடைக்கட்டி உருகும் மணத்துக்கு நடுவே, புது விளக்கு ஒரு வண்டைப் போல விடாமல் முனகியது. ஒதிலியா வள்ளிக்கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

நிழலை முதலில் கறை என்று நினைத்தாள். துணியால் துடைத்தாள். நிழல் துணியின் மேல் ஏறிக்கொண்டது.

கையை விலக்கினாள். அது விலகவில்லை.

திரும்பிப் பார்த்தாள். எலியேசர் சொன்னபடி, அவள் நிழல் பின்னால் தரையில் கிடந்தது.

அப்படியானால் இது?

விளக்குக்கும் பலகைக்கும் நடுவே கொஞ்சம் இடம்தான். அதில் ஒன்றுமே இல்லை.

நிழலில் விரல்கள் முளைத்தன. எதையோ வாங்கிக்கொள்ளக் குவித்த கை. ஈர மண் வாசனை.

கத்தி நழுவியது. நல்லவேளை, விரலில் படவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்தாள். முதல் தீக்குச்சி ஒடிந்தது. இரண்டாவது பற்றியது. மெழுகுவர்த்தியைப் பலகையில் நட்டாள்.

"மன்னிச்சிருங்க. இது உங்களுடையது. நான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

செபத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கை மெதுவாக மூடியது. பின்வாங்கியது. மறைந்தது.

ஒதிலியாவின் கண் நிறைந்தது. தன்னைவிடத் தனியாக ஒருவர், ஒரு சின்ன வெளிச்சத்துக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அடுத்த வருடம் தவழ்ந்தாவது போக வேண்டும்.

தொலைபேசி அடித்தது. யமிலே.

"அம்மா, வெரல் எப்படி இருக்கு? சாப்ட்டியா? தனியாவா இருக்க?"

பதில் சொல்ல வாய் திறந்தவள் பலகையைப் பார்த்தாள்.

மெழுகுவர்த்தியின் அருகே இன்னொரு கை. குவிந்திருந்தது. முன்னதைவிடச் சின்னது, குழந்தையினுடையது. அதன் பக்கத்தில் நடுங்கும் ஒரு கிழக் கை. அதற்கப்பால் ஒன்று. அதற்கப்பாலும்.

"அம்மா? தனியாவா இருக்கேன்னு கேட்டேன்."

இழுப்பறை திறந்தே கிடந்தது. காலி.

பலகை நிறைந்து, மேடை நிறைந்து, சுவர் நெடுகக் கொல்லைக் கதவு வரைக்கும் கைகள். எல்லாம் ஏந்தியபடி. எல்லாம் பொறுமையாக.