அதெலாந்தே

நர்ஸ் முதல் நாள் அந்தக் கட்டடத்துக்குப் போனபோது நல்ல வெயில். காலை ஷிப்ட் முடிந்து, கையில் மருந்து வாடை கூடப் போகாமல் நேராக வந்திருந்தாள். கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் ஸ்பானிஷ் வகுப்பு. படியேறும்போதே மேலே பலபேர் ஒரே குரலில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது.

வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஸ்பானிஷில் பேசிக் காட்டினால் விசா. அவள் போய்க் காலூன்றியதும் கணவன் பின்னால் வருவதாக ஏற்பாடு. அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த நாட்டிலும் லிஃப்ட் ரிப்பேராகாமல் இருக்காது என்பது அவன் தைரியம்.

வகுப்பில் புத்தகமும் கிடையாது, இலக்கணமும் கிடையாது. வரிசையாக மரத்தடுப்பு வைத்த சின்னக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்போன், ஒரு பழைய டேப் ரெக்கார்டர். டேப் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இடைவெளி விடும். அதற்குள் திருப்பிச் சொல்லிவிட வேண்டும். அடுத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றும். ‘அவர் தண்ணீர் குடிக்கிறார்’ என்று சொன்ன வாய், ‘நான்’ என்ற சொல் காதில் விழுந்ததும் ‘நான் தண்ணீர் குடிக்கிறேன்’ என்று மாற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தப்பாகச் சொன்னால் விளக்கம் கொடுக்கக் கூடாது. சரியான சொல்லைச் சட்டென்று எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

“யோசிக்காதீங்க சிஸ்டர்,” என்றாள் டீச்சர். “கேள்வி காதுல விழறப்பவே பதில் வாயில இருக்கணும். மூளைக்கு இதுல வேலையே இல்ல.”

டீச்சர் ஒல்லியான, அதிகம் சிரிக்காத பெண். அவளிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. யாராவது கதவைத் தட்டினால் ‘உள்ளே வாங்க’ என்று சொல்லமாட்டாள். எழுந்து போய், வாயைத் திறக்காமல் கதவைத் திறந்து விடுவாள்.

வேறு இடம் இல்லாததால் நர்ஸுக்குச் சுவரோரக் கூண்டு கிடைத்தது. அவள் வேலைக்கு மிகவும் தேவைப்பட்ட பயிற்சி, கதவருகே பேசும் பேச்சு. ‘செ ப்வேதே?’ என்று டேப் கேட்கும். உள்ளே வரலாமா என்று அர்த்தம். ‘அதெலாந்தே’ என்று பதில் சொல்ல வேண்டும். வாங்க என்று அர்த்தம்.

ஹெட்போனில் முதலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நீளமான நடைவழியின் கடைசியில் யாரோ தட்டுவது போல. பிறகு ஓர் ஆணின் தாழ்ந்த குரல்.

“செ ப்வேதே?”

“அதெலாந்தே,” என்றாள்.

மறுநாள் சத்தம் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது. அதற்கடுத்த நாள் இன்னும் கிட்டத்தில். பதிவு செய்தவன் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டிலும் சமைக்கும்போது, துணி மடிக்கும்போது எல்லாம் வாய் முணுமுணுத்தபடியே இருந்தது. கணவனுக்குக்கூட மனப்பாடமாகிவிட்டது. குளியலறைக் கதவை அவள் தட்டினால், உள்ளிருந்து ‘அதெலாந்தே’ என்று ராகம் போடுவான்.

சில வாரங்களில் கேள்விக்கு முன்னால் இருக்கும் மூச்சும் கேட்கத் தொடங்கியது. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொள்ளும் சின்னச் சத்தம்.

அது ஹெட்போனுக்குள் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் கேட்டது.

பக்கத்துக் கூண்டில் இருந்தவர் ஒரு ஹோட்டல் சமையல்காரர். தட்டுகிற சத்தம் அவருக்கும் கிட்டத்தில் கேட்கிறதா என்று விசாரித்தாள். தன் டேப்பில் தட்டும் சத்தமே இல்லையே என்றார் அவர். ஹெட்போனை வாங்கிக் கேட்டுப் பார்த்தாள். உண்மைதான். ஒரு பெண் குரல் மட்டும் கேள்வி கேட்டது.

அன்று எல்லாரும் போனபிறகு டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் அடுக்கிக்கொண்டிருந்த கேசட்டுகளைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

“அந்தப் பயிற்சியில கேட்கறது என் குரல், சிஸ்டர். அதுல ஆம்பளை யாரும் கிடையாது.” குரல் கிசுகிசுப்பாகியது. “நீங்க அதெலாந்தேன்னு சொன்னீங்களா?”

“தினமும் சொல்றேனே டீச்சர்.”

அந்தக் கூண்டில் யாரையும் உட்கார வைத்திருக்கக் கூடாது, இடநெருக்கடியில் தனக்குப் புத்தி கெட்டுப் போய்விட்டது என்றாள் டீச்சர். யார் அது, எப்போதிலிருந்து என்று நர்ஸ் கேட்கக் கேட்க, அவள் கேசட்டுகளை மறுபடி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது கேட்டுட்டுத்தான் வரும். கூப்பிடாம வராது. அந்த மட்டுக்கும் மரியாதை தெரிஞ்சது. இனிமே எங்க கேட்டாலும் பதில் சொல்லாதீங்க.”

சொல்லாமல் இருப்பது அத்தனை சுலபமா? வாரக்கணக்காக வாயைப் பழக்கியாகிவிட்டது. மூளைக்கு அங்கே வேலையே இல்லை.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவன் குளித்துக்கொண்டிருந்தான்.

வாசல் கதவு தட்டப்பட்டது.

ரொம்பப் பணிவாக.

மூச்சு. உதட்டின் ஈரம்.

“செ ப்வேதே?”

கத்தியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த கைத்துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். துணிக்குப் பின்னால் நாக்கு தானாக எழுந்து பல்லைத் தொட்டது. இரண்டு கைகளாலும் தாடையை அழுத்திப் பிடித்தாள். கண்ணில் நீர் முட்டியது, வெங்காயத்தினால் அல்ல.

“செ ப்வேதே?”

குளியலறைத் தண்ணீர் நின்றது. அவள் ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு, தலையைத் துவட்டியபடி, சிரித்துக்கொண்டே அவன் பாடினான்.

“அதெலாந்தே!”

எங்கும் ஒரு சத்தமும் இல்லை.

அவள் கை காட்ட, அவன் போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தான். யாரும் இல்லை, லிஃப்ட் கூட மேலே வரவில்லை என்றான். அந்தச் சத்தம் அவனுக்குத் தப்பாது. திறந்த கதவு வழியாகச் சூடேறிய டேப் ரெக்கார்டரின் தூசி வாடை வந்தது. இருவருக்கும் நடுவே புகுந்து, வழிவிட்டதற்கு நன்றி சொல்வது போல ஒரு கணம் நின்று, உள்ளறைப் பக்கம் போயிற்று.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேலி செய்யவில்லை. மறுநாள் வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டினான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அதன்பிறகு எதுவும் நடக்கவில்லை. விசாவும் வந்தது. தான் போய்விட்டால் இவன் தனியாக இந்த வீட்டில் எப்படி இருப்பான் என்ற கவலை மட்டும் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் தங்கை போனில் கூப்பிட்டாள், அத்தானிடம் பேச வேண்டும் என்று. “அவர் வீட்டுல இல்லடி, சாயங்காலம் பேசு,” என்று சொல்லி வைத்தாள்.

உள்ளறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“அவர் வீத்துல இல்ல,” என்றது ஆண் குரல். சின்ன இடைவெளி. “வீட்டுல. அவர் வீட்டுல இல்ல.”

நர்ஸ் அசையவில்லை. வெயில் தரையில் அப்படியே கிடந்தது. குரல் அவசரப்படவில்லை. நல்ல மாணவன் போலப் பொறுமையாக அடுத்ததற்குப் போயிற்று.

“நீ வீட்டுல இருக்கே.”

இடைவெளி.

“நான் வீட்டுல இருக்கார்.”

மறுபடி இடைவெளி. அதன் நீளம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கை வாய்க்குப் போவதற்குள் சொல் வெளியே வந்துவிட்டது.

“இருக்கேன்,” என்றாள்.

“நான் வீட்டுல இருக்கேன்,” என்றது அது. இம்முறை ஒரு தப்பும் இல்லை.