பதினேழாவது சீட்டு

ஆறு மணிக்கு எழுவேன். பால் காய்ச்சுவேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சீப்பை எடுத்து மகளுக்குத் தலை வாருவேன். வகிடு கோணலாகப் போகும். அவள் தானே வாரிக்கொள்வாள். ஒன்பது வயது. வீட்டில் அவள் பெயர் பொடிசு.

அன்று பள்ளி விடுமுறை. பொடிசின் மாமா மடிக்கணினியோடு வந்தார்.

என் மனைவி ஒரு மென்பொருள் எழுதியிருந்தாள். அச்சடித்த எதையும் கைபேசிக்குக் காட்டினால் அது சத்தமாகப் படிக்கும். பார்வையற்றவர்களுக்கு இலவசம். அவள் இறந்த பிறகு அதற்கு இணையதளம் அமைத்தது நானும் அவள் தம்பியான இந்த மாமாவும்தான்.

முந்தின நாள் பார்வையற்ற ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் பேசினார். அவருடைய பள்ளியில் நாற்பது பிள்ளைகள். எங்கள் தளத்தில் எங்கே பதிவிறக்குவது என்றே தெரியவில்லையாம். மறுநாள் மாலை இன்னொரு முறை முயல்வாராம். முடியாவிட்டால் விட்டுவிடுவாராம்.

"பெரிய நீலப் பொத்தான் வெச்சிருக்கோமே. அதுகூடவா தெரியல?" என்றார் மாமா.

"அவங்களுக்கு நீலம் எப்படித் தெரியும் மாமா?" என்றாள் பொடிசு.

மாமா மடிக்கணினியைத் திறந்தார்.

பொடிசு கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டாள். ஆசிரியையின் கணினி திரையில் இருப்பதைச் சத்தமாகப் படிப்பதுபோல, மேலிருந்து ஒன்று விடாமல் மாமாவைப் படிக்கச் சொன்னாள். முதலில் இருந்தது, மனைவியைப் பற்றி நான் எழுதிய பக்கம். நீளமானது. மாமா இரண்டு முறை தண்ணீர் குடித்தார். அடுத்து விருதுகள், வரலாறு, நன்றி. பொடிசு விரல் விட்டு எண்ணினாள். கைவிரல்கள் தீர்ந்து, கால்விரல்களில் ஏழும் போனபோதுதான் பதிவிறக்கம் வந்தது.

பழைய நாட்காட்டியைக் கிழித்து, பக்கத்துக்கு ஒன்றாகப் பதினேழு சீட்டுகள் எழுதினாள். தரையில் பரப்பினாள். வருகிறவர்கள் முதலில் எதைக் கேட்பார்கள்? எல்லாச் சீட்டுக்கும் அந்த ஒரு கேள்விதான். பதிவிறக்கம் முதலிடம் போனது. எப்படிப் பயன்படுத்துவது, இரண்டாவது. வேலை செய்யாவிட்டால் யாரைக் கேட்பது, மூன்றாவது. மாமா விருதுகளை நைசாக நான்காவதில் வைத்தார். அவள் அதைப் பன்னிரண்டாவதற்குத் தள்ளினாள்.

"அடிப்பாவி," என்றார் மாமா.

கடைசியில் அவள் கையில் ஒரு சீட்டு மிஞ்சியது. என் பக்கம். அது முதலிலேயே இருக்கட்டும் என்றேன்.

"டீச்சர் படிக்க வராங்கப்பா. அம்மாவை வழியில நிக்க வைக்காதீங்க."

அதைப் பதினேழாவதாக வைத்தாள். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். நான் தலையாட்டும்வரை கையை எடுக்கவில்லை.

மதியத்துக்குள் மாற்றி முடித்தோம். மாமா மறுபடி படித்தார். பொடிசு ஒரே விரலை மடக்கினாள்.

நான்கு மணிக்கு ஆசிரியை அழைத்தார். பதிவிறக்கிவிட்டாராம். முதலில் ஒரு மருந்துப் பெட்டியைக் காட்டினாராம்; அது தேதி வரைக்கும் படித்ததாம். பிறகு, அவசரம் ஒன்றும் இல்லாததால், பதினேழாவது பக்கத்தையும் முழுதாகக் கேட்டாராம்.

போனை வைத்ததும் பொடிசு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா கடைசியாகச் சொன்னது அந்தப் பக்கத்தில் இல்லையே, சேர்க்கலாமா என்று கேட்டாள்.

அது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்றேன். மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் திரும்பிச் சொன்னது.

மாமாவின் விரல்கள் விசைப்பலகைமேல் காத்திருந்தன. சொன்னேன்.

"சீப்பு கண்ணாடிக்குப் பின்னால இருக்கு. தேடிட்டு நிக்காதீங்க."