மறதியில்லாத காவலாளி

திரையில் நின்ற காவலாளி திரும்பிப் போகவில்லை. போயிருக்க வேண்டும். சத்தம் கேட்டால் வருவான், இங்கும் அங்கும் டார்ச் அடிப்பான், "எலியா இருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவான். இத்தனை நாளும் அப்படித்தான். இன்று, உளவாளி ஒளிந்திருந்த அலமாரியின் முன்னால் அசையாமல் நின்றான்.

ஆடிக்கொண்டிருந்தவன் ஒரு சோதனைக்காரன். வெளிவராத கம்ப்யூட்டர் விளையாட்டுகளை வீட்டிலிருந்தே ஆடிப் பார்த்துக் குறை சொல்லத்தான் அவனுக்குச் சம்பளம். இந்த உளவாளி விளையாட்டில் நிழலும் சத்தமும் அவனைச் சொக்க வைத்தன. ஈரத் தரையில் செருப்பு ஒட்டிப் பிரிவதுகூடக் கேட்கும். போதாக்குறைக்கு, ஆடுகிறவன் தும்மினால்கூட மைக் வழியே காவலாளிக்குக் கேட்டுவிடும். எரிச்சல் மூட்டியது அந்தக் காவலாளிகளின் மந்த புத்திதான். எங்கே பாட்டிலை எறிந்தாலும் அங்கே ஓடுவார்கள்.

"புத்தியுள்ளவன் சத்தத்துக்கு ஓடமாட்டான் சார். எதைக் காப்பாத்த இந்தச் சத்தம்னு யோசிச்சு, அதைத் தேடிப் போவான்" என்று போனில் மேனேஜரிடம் பொரிந்து தள்ளியிருந்தான்.

"குறை சொல்றதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல. மாத்திடுறோம்" என்று அவர் சிரித்தார்.

மாற்றிவிட்டார்கள் போல. அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. திரையில் வெயில் அடிக்காமலிருக்க ஜன்னல்களையெல்லாம் மூடியிருந்தான்; மனைவி வேலைக்குப் போயிருந்தாள்; பக்கத்து அறையில் காய்ச்சலோடு தூங்கும் மகளின் மருந்து வாடை, சூடேறிய கம்ப்யூட்டரின் வாடையோடு கலந்து அறை முழுக்கத் தேங்கி நின்றது. மகள் இருமினாள்.

காவலாளி தலையைத் திருப்பினான். அலமாரிப் பக்கம் அல்ல, மகள் படுத்திருந்த அறையின் பக்கம். மெதுவாக நடந்து, திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டான். ஹெட்போனில் காலடிச் சத்தம் இடது காதில் தேய்ந்துகொண்டே போனது. சோதனைக்காரன் ஹெட்போனைக் கழற்றினான். சத்தம் நிற்கவில்லை.

ஹாலில் கேட்டது. ஈரச் செருப்பு. ஒட்டிப் பிரியும் சத்தம்.

பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது. காலடி அணையவில்லை.

"அப்பா... தண்ணி."

மகளின் குரல். அந்தக் காலடி சட்டென்று வேகமெடுத்தது.

"ஏய்! இங்க வா! நான் இங்க இருக்கேன்!"

கத்தினான். கையில் கிடைத்த டம்ளரைச் சுவரில் எறிந்தான். நாற்காலியை உதைத்துத் தள்ளினான். காலடி நின்றது. யோசிப்பதுபோல ஒரு மௌனம். பிறகு, அவனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், மகளின் அறைக்குள் போனது.

ஓடினான். ஹால் தரையெல்லாம் ஈரம். கால் வழுக்கியது. விழுந்தான். எழுந்தான்.

"அப்பா, உங்க கை ஏன் இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

கதவைத் தள்ளினான். கட்டிலருகே யாருமில்லை. மகள் கண்ணைத் திறக்காமலே, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் மேலே நீட்டியிருந்தாள். அவளுடைய முதுகு மெத்தையை விட்டு மெல்ல எழும்பியது.